காகிதக் கதவுக்குள் ஒரு பனிக்காலம்

ஜப்பானின் வடக்கே, அவோமோரி மாகாணத்து மலையில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் சுகாயு என்ற பழைய வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. 2013 பிப்ரவரி 26 அன்று அங்கே தரையில் சேர்ந்திருந்த பனியின் உயரம் 566 சென்டிமீட்டர். ஒருவர் தோள்மீது ஒருவராக மூன்று பேர் நின்றாலும் மூழ்கிப்போகும் உயரம். இத்தனைக்கும் அந்த இடம் துருவத்தை ஒட்டி இல்லை. ஸ்பெயினின் மாட்ரிட் நகரம் ஏறக்குறைய அதே அட்சரேகையில்தான் இருக்கிறது.

அவ்வளவு பனிக்கும் காரணம் கடல். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று கடுங்குளிராக இருந்தாலும் வறண்டது. ஜப்பானை எட்டுமுன் அது ஜப்பான் கடலைக் கடந்தாக வேண்டும். தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டம் அந்தக் கடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தன்னைவிடச் சூடான நீரின்மேல் வீசும் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு மேகமாகிறது. நாட்டின் நடுவே நிற்கும் மலைத்தொடரில் மோதி மேலேறும்போது அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் அப்போது பெரும்பாலும் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட பனியின் நடுவே நிற்கும் ரியோகான் என்ற பாரம்பரிய விடுதிக்குள் நுழைந்தால், மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகள்! கல் இல்லை, கனத்த சுவர் இல்லை. வீட்டைக் கட்டும்போது கோடையை மனத்தில் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே யோஷிதா கென்கோ என்ற துறவி எழுதிவைத்தார். புழுக்கமான கோடைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதற்காகத் திறந்துவிட்ட வீடு, குளிர்காலத்தில் என்ன செய்யும்? அறை முழுவதையும் சூடாக்குவது வீண் வேலை. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்கினார்கள். ரியோகானில் குளிர்காலத்துக்கென்று வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளிலும் எனக்கு இந்த ஒரே யோசனைதான் தெரிகிறது.

கொதாட்சுவை எடுத்துக்கொள்வோம். முழங்கால் உயர மேசை. பலகையை எடுத்தால் கீழே ஒரு சட்டம். சட்டத்தின்மேல் நான்கு பக்கமும் தரைவரை வழியும் பஞ்சுப் போர்வை. அதன்மேல் மறுபடி பலகை. முன்பெல்லாம் அடியில் கரிக்கங்கு இருக்கும். இப்போது சட்டத்தின் அடிப்பக்கம் சிறிய மின்கணப்பு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். 300 முதல் 600 வாட் அதற்குப் போதும். சூடான காற்று மேலே போகப் பார்க்கும், போர்வை விடாது. காலை நீட்டி உட்கார்ந்து போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டால், கால்வழி ஏறும் சூடு இரத்தத்தோடு உடலெங்கும் பரவுகிறது. இடுப்புக்கு மேலே உடலும் தேநீர் பிடித்த கையும் மட்டும் குளிர்ந்த அறையில் இருக்கும்.

காகிதமும் சும்மா இல்லை. இன்றைய விடுதிகளில் வெளியே கண்ணாடி ஜன்னல், உள்ளே ஷோஜி என்ற காகிதக் கதவு. இரண்டுக்கும் நடுவே அசையாத காற்று சிக்கிக்கொள்கிறது. காற்று அசையாமல் நின்றால் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. இன்னொன்று, நம் உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. எதிரே பனிக்குளிரில் கிடக்கும் கண்ணாடி இருந்தால் இழப்பு அதிகம். அறையின் வெப்பநிலைக்கு நெருக்கமாக இருக்கும் காகிதம் இருந்தால் குறைவு. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு முதுகு சில்லிடாமல் இருப்பது இதனால்தான். தரையில் விரித்த தத்தாமியும் அப்படியே: மேலே நம் கோரைப்பாய் மாதிரி நெருக்கமான பின்னல், பாரம்பரியத் தத்தாமியின் உள்ளே இறுக்கி அடைத்த வைக்கோல், வைக்கோலின் குழலுக்குள் காற்று.

இனி ஊற்றுக்கு வருவோம். அகிதா மாகாணத்தில் நியூதோ மலையடிவாரத்தில் இருக்கும் சுருனோயு விடுதிக்கு 1638இல் அகிதாவின் பிரபு சதாகே யோஷிதகா குளிக்க வந்ததாகப் பதிவு இருக்கிறது. அங்கே திறந்தவெளிக் குளத்தின் சரளைக்கல் அடியிலிருந்தே வெந்நீர் ஊறுகிறது. நிறம் நீர்மோர் வெள்ளை. பூமிக்குள் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் கந்தகம் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பிரிந்து நீரில் மிதக்கிறது. அந்தப் பொடி ஒளியைச் சிதறடிப்பதால்தான் இந்த வெண்மை. நீர் எங்கிருந்து வந்தது என்று ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை வைத்து விஞ்ஞானிகள் துப்பறிந்திருக்கிறார்கள். ஜப்பானிய ஊற்றுகள் பலவற்றில் வருவது பெரும்பாலும் எப்போதோ பெய்த மழையும் உருகிய பனியும்தான். மலைக்குள் இறங்கி, எரிமலையின் சூட்டில் வெந்து, தாதுக்களைக் கரைத்துக்கொண்டு திரும்புகிறது. தலையில் விழும் பனியும் கழுத்தைச் சுற்றி நிற்கும் வெந்நீரும் ஒரே நீர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே 41, 42 டிகிரி நீரில் சில நிமிடங்கள் இருந்தாலே தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். வெளியே வந்த பிறகு, விரிந்த குழாய்கள் கை கால் வழியாக அந்தச் சூட்டை வெளியே விடுகின்றன. உள்வெப்பம் இப்படி இறங்குவது மூளைக்குத் தூக்கத்துக்கான சைகை. படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தவர்கள் சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுவதும் இதைத்தான்.

ஆளை மட்டும் சூடாக்கும் இந்த முறைக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. கொதாட்சுவை விட்டு எழுந்து, விறைக்கும் உடைமாற்றும் அறையில் ஆடை களைந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். வெந்நீரில் இறங்கியதும் அதே வேகத்தில் சரியும். மயங்கினால் நீருக்குள். ஜப்பானில் சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிடக் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்கள் அதிகம். அந்த இறப்புகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில், வீடுகளில் நடப்பவை. குளத்தில் இறங்குமுன் கால், கை, தோள் என்று மெல்ல மெல்ல வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே பழையது. உடலைக் கழுவுவதோடு சூட்டுக்குப் பழக்கவும் அது உதவுகிறது. இப்போது அரசும் சொல்கிறது: உடைமாற்றும் அறையை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள், நீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள், எழும்போது அவசரப்படாதீர்கள்.