ஊடுருவாச் சுவாச உதவியும் இதய இயக்கமும்

மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தாமல், முகத்தில் இறுகப் பொருத்திய முகமூடி வழியாக அழுத்தமேற்றிய காற்றை நுரையீரலுக்கு அளிக்கும் முறை ஊடுருவாச் சுவாச உதவி எனப்படும். மூச்சு முழுவதும் ஒரே அழுத்தத்தைத் தருவது சிபாப். உள்மூச்சின்போது கூடுதலாகவும் வெளிமூச்சின்போது குறைவாகவும் தருவது பைபாப். இதயமும் நுரையீரலும் ஒரே மார்புக்கூட்டினுள் இருப்பதால், இவ்வழுத்தம் இரத்த ஓட்டத்தையும் மாற்றுகிறது.

இதயத்துக்குத் திரும்பும் இரத்தம்

இயல்பாக மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பினுள் அழுத்தம் குறைகிறது. இதனால் சிரைகளிலிருந்து இரத்தம் வலது மேலறைக்கு எளிதாக வருகிறது. முகமூடி வழியாக வரும் அழுத்தம் இதற்கு நேர்மாறானது. அது வலது மேலறையின் அழுத்தத்தை உயர்த்துவதால், திரும்பி வரும் இரத்தம் குறைகிறது.

இடது கீழறையின் சுமை

இடது கீழறையின் சுமை, அதன் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் அதைச் சூழ்ந்த மார்பு அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. மூச்சுத்திணறலில் நோயாளி காற்றை வலிந்து இழுக்கும்போது மார்பு அழுத்தம் மிகவும் தாழ்ந்து, இச்சுமை கூடுகிறது. சுவாச உதவி மார்பு அழுத்தத்தை உயர்த்திச் சுமையைக் குறைக்கிறது.

வலது கீழறை

சுருங்கிய காற்று நுண்ணறைகள் விரிந்து ஆக்சிசன் கூடும்போது நுரையீரல் இரத்தக்குழாய்கள் தளர்கின்றன. வலது கீழறையின் வேலை எளிதாகிறது. அழுத்தம் மிகுந்தால் அளவுக்கு மீறி விரிந்த நுண்ணறைகள் தந்துகிகளை நசுக்கி, அதே கீழறையைத் திணறவைக்கும்.

மருத்துவப் பயன்

இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோக்கும்போது, இரத்த வரவு குறைவதும் இடது கீழறையின் சுமை குறைவதும் ஒருசேர நன்மை தருகின்றன. பொதுவாக 5 முதல் 10 செ.மீ. நீர் அழுத்தம் பயன்படுத்தப்படுகிறது. பிரித்தானியாவில் 1,069 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், மூச்சுத்திணறலும் இதயத் துடிப்பு வேகமும் ஆக்சிசன் மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகக் குறைந்தன. எனினும் முதல் 7 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பாதகமாகும் நிலைகள்

நீரிழப்பு, இரத்தப்போக்கு, வலது கீழறைச் செயலிழப்பு ஆகியவற்றில் இதயம் திரும்பி வரும் இரத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. அவ்வரவு குறைந்தால் இதய வெளியேற்றமும் இரத்த அழுத்தமும் சரியக்கூடும். எனவே கருவியைப் பொருத்தியதும் ஆக்சிசன் அளவோடு இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, நோயாளியின் விழிப்புநிலை ஆகியவையும் கண்காணிக்கப்படுகின்றன. ஆக்சிசன் அளவு உயர்ந்தாலும் இதய வெளியேற்றம் குறைந்துவிட்டால், திசுக்களைச் சென்றடையும் ஆக்சிசன் குறைந்தே போகலாம்.