தாயம்மா கத்தியும் அரசு ஆஸ்பத்திரி வாசலும்

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் ஆகிவிடும். உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு அது ஒரு நாள் கூலி. ஓ.பி. சீட்டில் எந்தப் பெயரைச் சொல்வது, எந்த வரிசையில் நிற்பது என்ற கலக்கம் வேறு. அதனால்தான் திருநங்கைகள் பலர், மூத்தவர் யாரோ சொன்ன மாத்திரையை மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். அது பல நேரம் கருத்தடை மாத்திரை. மார்பு சீக்கிரம் வளரட்டும் என்று இரண்டு மூன்றாகக் கூட்டிக்கொள்வதும் உண்டு.

அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயில் ரத்தத்தைக் கட்டியாக உறையச் செய்யலாம். புகைபிடிப்பவருக்கு ஆபத்து அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். ஆண் ஹார்மோனை அடக்கத் தரும் ஸ்பைரனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். உப்பள வெயிலில் நீர் வற்றிய உடம்பு அதைத் தாங்காது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் திருநம்பிகளுக்கு ரத்தம் கெட்டிப்படலாம். இந்த ஹார்மோன் சிகிச்சையை, ரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்து, டாக்டர் பாதுகாப்பாகத் தர முடியும்.

அறுவை சிகிச்சையின் கதை இன்னும் கொடியது. ‘தாயம்மா கை நிர்வாணம்’ என்று திருநங்கைச் சமூகத்துக்குள் சொல்வார்கள்: மூத்தவர் ஒருவர் மயக்க மருந்தில்லாமல் கத்தியால் அறுப்பது. ரத்தப்போக்கிலும் சீழிலும் இறந்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களில் பலர் சிறுநீர்த் துவாரம் சுருங்கி ஆயுள் முழுக்க அவதிப்படுகிறார்கள். விதைகளை எடுத்தபின் ஹார்மோன் சிகிச்சை இல்லாவிட்டால் எலும்பு வலுவிழக்கும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா, தான் ஆந்திரத்தின் கடப்பாவுக்குப் போய்ச் செய்துகொண்ட சிகிச்சையின் வேதனையை ‘நான், வித்யா’ நூலில் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெண் ஒருத்தி மாநிலம் தாண்டிப் போய் அந்த வலியைப் பட வேண்டியிருந்தது.

அந்த நிலையை மாற்றத்தான் தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது; அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சைக்கும் வழி செய்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்றே தனி கிளினிக்குகள் வந்தன. மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் எனப் பலர் சேர்ந்து பார்க்க வேண்டிய சிகிச்சை இது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் ஹார்மோன், அறுவை சிகிச்சை, முன்பின் ஆலோசனை ஆகியவற்றை அரசின் பொறுப்பாக்கியது. சிகிச்சை மறுப்பதைத் தடை செய்தது.

எல்லோரும் ஆபரேஷன் செய்துகொண்டாக வேண்டும் என்பதில்லை. பாலின அடையாளத்துக்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதுவும் ஓர் ஏப்ரல் 15. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று மந்திரிப்பவரிடமோ மனநல விடுதியிலோ பிள்ளையைத் தள்ளும் பெற்றோருக்கும் ஒரு சொல்: 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய ‘சிகிச்சை’க்குத் தடை விதித்தார். உலக சுகாதார நிறுவனமும் திருநர் அடையாளத்தை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எங்கே தொடங்குவது? வேதாரண்யம் இருக்கும் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கே 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையையும் மனநல ஆலோசனையையும் அந்தக் கல்லூரி இருக்கும் ஒரத்தூரில் தொடங்கி, அங்கிருந்து மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நல வாரிய அட்டைக்கு மாவட்ட சமூக நல அலுவலகம். அடையாளச் சான்று விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அங்கேயே விசாரியுங்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் தருமுன், எது திரும்ப மாறாது, குழந்தைப் பேறு என்னவாகும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சை தவறிப்போனால் முதலில் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டாக்டர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். பணம் கட்டிய சிகிச்சையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. மனம் உடைந்து கிடக்கும் இரவுக்கு மனநல உதவி எண் 14416. இரண்டு எண்களையும் உங்கள் குருவின் போனிலும் சேலாக்களின் (சீடர்களின்) போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.