முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்து வலி வந்தால்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் 'மூட்டு வலி' என்று எழுதியவை பல. மருத்துவச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் முடக்குவாதம் என்றிருக்கும். இது வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் அல்ல. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். விரல் வீங்குவதும், காலையில் வெகுநேரம் கை மடங்காமல் இருப்பதும் பலருக்குத் தெரியும். அதே நோய் கழுத்துக்குள்ளும் போகும் என்பதுதான் தெரிவதில்லை.

கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாம் எலும்பிலிருந்து ஒரு முளை எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது; தலை திரும்ப அதுவே அச்சு. முளை இடம் மாறாதபடி குறுக்கே ஒரு தசைநார் கட்டியிருக்கிறது. அதன் பின்னால் தண்டுவடம். நோய் வருடக்கணக்கில் அடங்காமல் இருந்தால் அந்த நார் நைந்துபோகும். குனியும்போது மேல் எலும்பு முன்னால் நழுவி, தண்டுவடம் நெரிபடும்.

எல்லாக் கழுத்து வலியும் இதுவல்ல. தலையணை ஒத்துக்கொள்ளாமலும், தறியில் நாளெல்லாம் குனிந்திருந்தும் வலி வரும். ஆனால் நெடுநாள் முடக்குவாதக்காரருக்குப் பிடரியில் தொடங்கி உச்சந்தலைவரை ஏறும் வலி இருந்தால் அலட்சியம் வேண்டாம். குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போலிருப்பது, கை மரத்து சட்டைப் பொத்தான் போட முடியாமை, நடை தள்ளாடுதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

நம் ஊரில் சுளுக்கு என்றால் எண்ணெய் போட்டு உருவி விடுபவரிடம் போவது வழக்கம். முடி திருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதும் உண்டு. ரேணிகுண்டா போகும் வழியில் இருக்கும் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே போகலாமா என்றும் கேட்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் முடக்குவாதம் உள்ளவரின் கழுத்தை எவரும் திருப்பவோ இழுக்கவோ கூடாது. நைந்த நார் அந்த ஒரு திருப்பலைத் தாங்காமல் போகலாம்.

எக்ஸ்ரேயில் ஒரு நுட்பம் உண்டு. கழுத்தை நேராக வைத்து எடுத்தால் எல்லாம் சரியாகவே தெரியலாம். மருத்துவர் சொன்னபடி மெல்லக் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுத்தால்தான் நழுவல் புலப்படும். முளைக்கும் வளையத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கவனம் தேவை. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால் அறுவை சிகிச்சை உண்டு. அந்த இரண்டு எலும்புகளையும் தகடும் திருகாணியும் கொண்டு பிணைக்கும் முறையை மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் அதுல் கோயல் 1994இல் வெளியிட்டார். இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். வேறு எந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதானாலும் முடக்குவாதம் இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குழாய் செலுத்தும்போது கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள்.

வீட்டில் தலை முன்னால் மடங்காத அளவுக்குத் தாழ்வான ஒரே தலையணை போதும். கழுத்துப் பட்டை ஆறுதல் தரும். எலும்பு நழுவுவதை அது தடுக்காது. செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள்.

தொழுகை பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நின்று முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன சலுகை நமக்கும் உரியது. மருத்துவர் குனிய வேண்டாம் என்று சொல்லியும் வலியோடு ஸஜ்தா செய்வதைப் பொறுமை என்று நினைக்க வேண்டாம். நாற்காலியில் சைகையால் தொழும்போதும் கழுத்தை மடக்காமல் இடுப்பிலிருந்து சாயலாமா, ஸலாம் கொடுக்கும்போது எவ்வளவு திரும்பலாம் என்பதை மருத்துவரிடமும் இமாமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளுவில் வாய் கொப்பளிக்கத் தலையை அண்ணாந்து சாய்க்காதீர்கள்.

கழுத்தைக் காக்கும் முதல் மருந்து நோயை அடக்கும் மாத்திரைதான். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து அது. கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் அவர் குழுவின் பணிதான். ரமலானில் மாத்திரையை நிறுத்த வேண்டாம். இஃப்தாருக்குப் பின் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. போகும்போது பழைய சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ரயிலில் போவது நல்லது. பேருந்தானால் குலுக்கும் கடைசி இருக்கையில் உட்கார வேண்டாம்.