கண்ணும் கடிகாரமும் கிரகணமும்



திருமறையின் 88ஆம் அத்தியாயமாகிய 'அல் காஷியா' ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் சுட்டிக்காட்டி, இவை எவ்வாறு அமைந்தன என்று நோக்குமாறு மனிதனை அழைக்கிறது. 'எவ்வாறு' என்னும் அச்சொல்லைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் அதனிடம் வருவோம்.

அதற்கு முன், என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ தினத்தில் மனிதக் கண்ணின் அமைப்பைப் பற்றிப் பயான் செய்தேன். கண் தானாகத் தோன்றியது என்பது அபத்தம் என்று டார்வினே தம் நூலில் ஒப்புக்கொண்டுவிட்டார் என உரத்த குரலில் கூறினேன். யாரோ கையில் கொடுத்த ஒரு சிறு பிரசுரத்தில் நான் படித்த செய்தி அது. தொழுகை முடிந்ததும், கல்லூரியில் விலங்கியல் பயிலும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து ஸலாம் கூறி, "ஹஜ்ரத், அதற்கு அடுத்த வரி என்னவென்று பார்த்தீர்களா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். மறுவாரம் அந்த நூலையே கொண்டுவந்து காட்டினார். கண்ணைப் பற்றி அப்படித்தான் முதலில் தோன்றும் என்று கூறிவிட்டு, அது படிப்படியாக எப்படி உருவாகியிருக்கக்கூடும் என்பதை அடுத்த வரியிலிருந்தே டார்வின் விளக்கத் தொடங்குகிறார். அவர் கூற்றில் பாதியை மட்டும் நான் மக்களுக்குக் கூறியிருந்தேன்.

இளைஞர் தொடர்ந்து கூறியது என் நெஞ்சைத் தைத்தது. "அந்தச் செய்தி தவறென்று எனக்குத் தெரியும், ஹஜ்ரத். ஆனால் அன்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் சொல்லும் மற்றவையும் இப்படித்தானோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது."

பிறர் கூற்றை எடுத்துரைப்பதும் ஓர் அமானிதமே. எதிர்த்தரப்பினரின் கூற்றாயினும் அதில் மோசம் செய்ய நமக்கு உரிமையில்லை. அதற்கடுத்த ஜும்ஆ பயானிலேயே என் பிழையைத் திருத்திக்கொண்டேன். அதன் பின்னரே இப்பொருளை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததன் சாரத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

பேலியின் கடிகாரம்

நம்மிடையே வழங்கும் 'கண்ணைப் பார், கடிகாரத்தைப் பார்' என்னும் வாதம் பெரும்பாலும் ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரிடமிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். வில்லியம் பேலி என்பார் 1802இல் 'இயற்கை இறையியல்' என்னும் நூலை வெளியிட்டார். வெட்டவெளியில் ஒரு கல் கிடந்தால் அது என்றும் அங்கேயே கிடந்தது என்று கூறிவிடலாம். ஒரு கடிகாரம் கிடந்தால் அப்படிக் கூற இயலுமா? அதன் சக்கரங்களும் வில்லும் ஒரு நோக்கத்துக்காக இணைக்கப்பட்டிருப்பதால், அதைச் செய்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். கடிகாரத்தினும் நுட்பமான கண்ணுக்கு மட்டும் செய்தவன் இல்லையா? இதுவே அவரது வாதம்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் பேலிக்கு முன்பே ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் இத்தகைய வாதங்களில் ஒரு விரிசலைக் கண்டிருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூலில் அந்த ஐயம் எழுப்பப்படுகிறது. உலகை மனிதன் செய்த பொருளோடு ஒப்பிட்டால், மனிதத் தொழிலாளியைப் போன்ற ஒருவனைத்தானே அது காட்டும்? ஒரு கப்பலைப் பலர் கூடிக் கட்டுவது போல் உலகையும் பலர் கூடிக் கட்டினர் என்று ஒருவன் சொன்னால் என்ன மறுமொழி? தவ்ஹீதை உயிராய்ப் போற்றும் நாம் இந்த வினாவைக் கருத்தில் கொள்ளாதிருக்கலாமா? கடிகார உவமை நம்மை ஒரு கைவினைஞனின் வாசல்வரை கொண்டு சேர்க்கலாம். ஒப்புவமையற்ற ஏக இறைவனிடம் அது கொண்டு சேர்ப்பதில்லை.

டார்வின் கண்டது

கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த காலத்தில் சார்லஸ் டார்வின் பேலியின் நூல்களைப் படித்து மகிழ்ந்தவர். 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார். 1858இல் அவர் கருத்தும் ஆல்ஃபிரெட் வாலஸ் கருத்தும் ஒருசேர அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டு 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது.

அவர் கூறியதென்ன? ஒரே தாய் ஈன்ற குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறப்பவை அனைத்தும் பிழைப்பதுமில்லை. சூழலுக்குச் சற்றே கூடுதலாகப் பொருந்தியவை பிழைத்துத் தம் இயல்பைச் சந்ததிக்கு விட்டுச்செல்கின்றன. இது இலட்சக்கணக்கான தலைமுறைகள் தொடரும்போது புதிய இனங்கள் கிளைக்கின்றன. இதையே இயற்கைத் தேர்வு என்பர். 'எல்லாம் தற்செயல்' என்று டார்வின் சொன்னதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. மாறுதல்கள் தேவையைப் பார்த்து எழுவதில்லை என்பது மெய். ஆனால் எது நிலைக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு.

கண்ணையே எடுத்துக்கொள்வோம். 'பாதிக் கண்ணால் என்ன பயன்?' என்று நானும் கேட்டவன்தான். பிளனேரியா என்னும் தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் சில அணுக்கள் கொண்ட சிறு குழி மட்டுமே உண்டு. ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்றறிய அதற்கு அது போதும். கடலில் வாழும் நாட்டிலஸ் என்னும் உயிரியின் கண்ணில் வில்லையே இல்லை. ஊசித்துளை போன்ற ஒரு வாயில் மட்டுமே இருக்கிறது. ஆக்டோபஸின் கண்ணிலோ வில்லையும் உண்டு. இவை ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவை அல்ல. ஆயினும் ஒவ்வொரு படியும் அதனதன் உயிரிக்குப் பயன்படுகிறது என்பதற்கு இவை உயிருள்ள சான்றுகள். தட்டையான ஒளியுணர் படலம் மீனின் கண்ணாக மாற 4 இலட்சத்துக்கும் குறைவான தலைமுறைகள் போதும் என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் 1994இல் கணக்கிட்டுக் காட்டினர்.

முஸ்லிம் நாடொன்றின் மண்ணிலேயே மற்றொரு சான்று கிடக்கிறது. எகிப்தின் ஃபய்யூம் பகுதியிலுள்ள பாலைவனத்துக்கு 'வாதி அல் ஹீதான்' என்று பெயர். திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த அவ்விடத்தில் தொன்மையான திமிங்கிலங்களின் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு முழங்காலும் விரல்களும் கொண்ட சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தன; 1990இல் அது அறிவிக்கப்பட்டது. நிலத்தில் நடந்த விலங்கின் வழித்தோன்றலே திமிங்கிலம் என்பதற்கு அந்தக் கால்கள் சாட்சி கூறுகின்றன. 2005இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த எலும்புகளைக் கண்ணால் கண்டு வரும் ஒரு முஸ்லிம் மாணவனிடம் 'இவையெல்லாம் பொய்' என்று கூறினால், அவன் ஐயுறப்போவது எலும்பையா, நம்மையா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் எச்சரிக்கை

இவ்வினாவுக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கூறப்பட்டுவிட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் எழுதி முடித்த 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' தத்துவவாதிகளை மறுக்க எழுந்த நூல். அதன் முன்னுரையில் அவர்கள் கிரகணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்பது கணிதத்தால் நிறுவப்பட்டது. அதை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுபவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான். ஏனெனில், கணக்கிட்டு அறிந்தவனிடம் 'இது மார்க்கத்துக்கு முரண்' என்றால், அவன் கணக்கை ஐயுறமாட்டான், மார்க்கத்தையே ஐயுறுவான். தக்க முறையின்றி மார்க்கத்துக்குத் துணை நிற்பவனால் விளையும் கேடு, அதை முறையாகத் தாக்குபவனால் விளையும் கேட்டினும் பெரிது. இதுவே இமாம் அவர்களின் கருத்து.

விலங்கியல் மாணவர் எனக்கு உணர்த்தியதும் இதுவேயன்றோ!

கிரகணம் என்றதும் ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பொய்த்தூதர் ஒருவராயிருந்தால் இதனினும் சிறந்த வாய்ப்பு வேறென்ன வேண்டும்? மௌனமாயிருந்தாலே போதுமே! பெருமானார் (ஸல்) அவர்களோ, புத்திர சோகம் நெஞ்சை வாட்டிய அந்நேரத்திலும் அப்பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்துக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் போதித்துத் தொழுகைக்கு ஏவினார்கள்.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. தவறான சான்றைக் கொண்டு ஈமானை வளர்க்க வேண்டியதில்லை என்பது ஒன்று. காரணம் தெரிந்துவிட்டதால் அத்தாட்சி அத்தாட்சியாக இல்லாமற் போவதில்லை என்பது மற்றொன்று. கிரகணத்தின் நேரத்தை நிமிடம் பிசகாமல் வானியலார் இன்று முன்கூட்டியே கூறுகின்றனர். அதனால் நாம் கிரகணத் தொழுகையைக் கைவிட்டோமா?

எதன்மீது நிற்பது?

வாசகர்களே! விளக்கம் கிடைக்காத இடைவெளிகளில் இறைவனைத் தேடுபவன், விளக்கம் கிடைக்குந்தோறும் பின்வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பேலியின் வாதத்துக்கு நேர்ந்தது அதுவே. முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பதற்கு இன்னும் முழு விளக்கம் கிட்டவில்லை என்பது மெய். அதனால் 'அங்கே இறைவன் இருக்கிறான் பார்' என்று அடுத்த கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

நம் முன்னோர் வகுத்த வழி வேறு. இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய இவ்வுலகம் ஏன் இருக்கிறது என்று கலாம் கலை அறிஞர்கள் வினவினார்கள். இவ்வினா கண்ணை மட்டும் பற்றியதன்று. கண்ணை உருவாக்கிய நியதியையும் பற்றியது. இயற்கைத் தேர்வு செயற்பட உயிர் வேண்டும். உயிர் இயங்க நியதிகள் வேண்டும். நியதிகள் இருக்க இருப்பு வேண்டும். அந்த இருப்பை அளித்தவன் யார் என்பதை உயிரியல் நிறுவுவதுமில்லை, மறுப்பதுமில்லை. அது உயிரியலின் வேலையன்று.

நம் ஒவ்வொருவரையும் படைத்தவன் அல்லாஹ்வே. ஆயினும் தாயின் கருவறையில் படிப்படியாகவே உருவானோம் என்று 23ஆம் அத்தியாயமாகிய 'அல் முஃமினூன்' கூறுகிறது. கருவளர்ச்சியைப் படித்த மருத்துவர் எவரும் அதனால் படைத்தவனை மறந்துவிட வேண்டியதில்லை. படிகள் இருப்பது படைத்தவனை அகற்றிவிடாது.

19ஆம் நூற்றாண்டிலேயே இதனை உணர்ந்தவர் லெபனானின் திரிப்போலி நகரைச் சேர்ந்த ஆலிம் ஹுஸைன் அல் ஜிஸ்ர். 1888இல் வெளிவந்த 'ரிஸாலா ஹமீதிய்யா'வில், உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டன என்பதே வசனங்களின் வெளிப்படையான பொருள் என்றார். எனினும் பரிணாமத்துக்கு ஐயமற்ற ஆதாரம் கிடைப்பின் அவ்வசனங்களுக்கு அதற்கிணங்க விளக்கம் கொள்ளலாம் என்றும், எப்படியாயினும் படைத்தவன் அல்லாஹ்வே என்றும் எழுதினார்.

'ஆதம் (அலை) அவர்களின் செய்தி என்னாவது?' என்று நீங்கள் கேட்பீர்கள். மனிதனும் குரங்கினங்களும் ஒரு பொது மூதாதையின் வழிவந்தவை என்று உயிரியல் கூறுகிறது. இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று அது கூறவில்லை. முஸ்லிம் அறிஞர்களில் சிலர் பரிணாமத்தை முற்றிலும் மறுக்கின்றனர். சிலர் மனிதனை விலக்கி ஏனைய உயிர்களுக்கு ஏற்கின்றனர். சிலர் மனித உடலுக்கும் ஏற்கின்றனர். ஆதம் (அலை) அவர்களின் படைப்பு வஹீயினால் அறியப்பட்ட அற்புதம் என்பதே என் நம்பிக்கை. திருமறை ஈஸா (அலை) அவர்களை ஆதம் (அலை) அவர்களுக்கு ஒப்பிடுகிறது. ஈஸா (அலை) அவர்கள் தந்தையின்றிப் பிறந்ததால் மகப்பேற்று மருத்துவம் பொய்யாகிவிடவில்லை. அற்புதம் வழக்கத்துக்கு விலக்கு. வழக்கத்தை ஆராய்வது விஞ்ஞானம். ஆகவே ஈமானைக் காக்கப் பாடத்தைப் பொய்யாக்கவும் வேண்டாம். பாடத்தைப் படிக்க ஈமானைக் கழற்றி வைக்கவும் வேண்டாம்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ பாடநூலை விரித்துவைத்து வினா எழுப்பினால் அதட்டாதீர்கள். 'பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடு' என்றும் சொல்லாதீர்கள். அது ஒரு பிள்ளைக்கு இரண்டு நாவுகளைக் கற்பிப்பதாகும். தெரிந்ததைக் கூறுங்கள். தெரியாததைத் தெரியாது என்று கூறுங்கள். அவ்வாறு கூறுவது நம் இமாம்களின் வழக்கமே.

தொடக்கத்தில் மனத்தில் இருத்தச் சொன்ன சொல்லை இப்போது நினைவுகூருங்கள். திருமறை 'எவ்வாறு' என்று நோக்கச் சொன்னது. எலும்பைத் தோண்டி 'எவ்வாறு' என்று கேட்கும் மாணவன் அந்த அழைப்புக்கு மாறு செய்தவன் அல்லன், அதற்குச் செவிசாய்த்தவன். அவன் கேள்விக்கு அஞ்ச வேண்டியது பொய்யான சான்றுகளே, ஈமான் அன்று.

வல்ல நாயன் நம் நாவுகளை வாய்மையிலும் நம் மக்களின் உள்ளங்களை ஈமானிலும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.