ஆடித் தளங்களும் லினக்ஸ் மென்பொருளும்

ஏட்டுச் சுவடிக் காலத்தில் ஒரு நூல் அழியாது நிலைத்தமைக்குக் காரணம், அதன் பிரதிகள் பல ஊர்களில் இருந்தமையேயாம். ஆயினும் பிரதிகள் பெருகப் பாடபேதங்களும் பெருகின. பெருக்கமும் பிழையின்மையும் ஒருங்கே வாய்த்தல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு இக்காலக் கணினியியல் கண்ட விடையை ஈண்டு ஆராய்வாம்.

1991ஆம் ஆண்டு லினஸ் தோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, 1993இல் டெபியனும் 2004இல் உபுண்டுவும் எழுந்தன. இவற்றின் மென்பொருட் பொதிகள் ஒரு மூலக் களஞ்சியத்தில் உள்ளன. உலகத்தார் யாவரும் அவ்வொன்றையே நாடின் நெருக்கடி மிகும். ஆதலின் பல்கலைக்கழகங்களும் பிற நிறுவனங்களும் அக்களஞ்சியத்தைப் பிரதிசெய்து தத்தம் நாட்டில் வைத்துள்ளன. இவையே மிரர் எனப்படும் ஆடித் தளங்கள். பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் என்னும் வலையமைப்பும் இத்தகைய தளம் ஒன்றை இலங்கையில் நடாத்துகின்றது.

ஹந்தானைச் சாரலிலுள்ள எம் பாடசாலையில் பத்துக் கணினிகள் உள. அவை கடல் கடந்த தளத்தை நாடியவரை, புதுப்பிப்புக்கள் இடைநடுவே தடைப்பட்டு மாணவரின் பாடவேளை வீணாயிற்று. உள்நாட்டு ஆடித் தளத்தைக் குறித்தபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று.

நிற்க. அண்மையிலுள்ள பிரதி உண்மைப் பிரதியென அறிவதெங்ஙனம்? ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தொகை கணிக்கப்படுகின்றது. பொதியில் ஓரெழுத்து மாறினும் அத்தொகை மாறும். அத்தொகைகளின் அட்டவணைக்கு மூலத்தார் இலக்க முறையிற் கையொப்பமிடுவர். எம் கணினி அக்கையொப்பத்தையே நம்பும், ஆடித் தளத்தையன்று. எனவே பிரதி எங்கிருப்பினும் பாடபேதம் புகாது.

ஒருமுறை தொகை பொருந்தவில்லை என்னும் அறிவித்தல் தோன்ற, யான் பொறுமையிழந்து சரிபார்ப்பையே நிறுத்த முற்பட்டேன். அது பெருந்தவறாகும். ஆடித் தளம் மூலத்தைப் பிரதிசெய்துகொண்டிருக்கும் வேளையிற் பழைய அட்டவணையும் புதிய பொதியும் கலத்தல் உண்டு. சில மணி பொறுத்து முயலின், அன்றி வேறொரு தளத்தை நாடின், பெரும்பாலும் அது தீரும்.

மற்றொன்றும் கருதற்பாலது. கையொப்பம் பொதியின் மெய்ம்மையை உணர்த்துமேயன்றிப் புதுமையை எப்போதும் உணர்த்தாது. டெபியன் மூலக் களஞ்சியம் நாளொன்றுக்கு நான்குமுறை புதுக்கப்படுகின்றது. பிந்திய ஆடித் தளமோ பழையதையே மெய்யாகக் காட்டி நிற்கும். இதனாலன்றோ உபுண்டுவில் ஆடித் தளத்தைத் தெரிந்தபின்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் மூலத் தளத்திலிருந்தே பெறப்படுமாறு வழக்கமாக அமைக்கப்பட்டுள்ளது. அவ்வமைப்பை மாற்றாது விடுதல் நன்று.

ஆகவே விரைவுக்கு அண்மையையும், மெய்ம்மைக்குக் கையொப்பத்தையும், காப்புக்கு மூலத்தையும் துணைக்கொள்க. பிரதி பலவாதல் அறிவுக்கு அரண். ஆராயாது ஏற்றலோ அவ்வரணில் யாமே திறக்கும் வாயிலாம்.