மட்டம் பார்த்து வீடு கட்டும் பூநாரை

என்னடா, சிவில் படிக்கிறவன் மலரில் பறவையைப் பற்றி எழுதுகிறானே என்று பார்க்கிறீர்களா? இதுவும் கட்டட வேலைதான் நண்பர்களே!

சர்வே கேம்ப் முடிந்து திரும்பும்போது கோடியக்கரைக்குப் போனோம். சதுப்பு நீரில் பூநாரைக் கூட்டம். "இதெல்லாம் எங்கண்ணே கூடு கட்டும்?" என்று வன ஊழியரைக் கேட்டேன். "இங்க கட்டாது தம்பி. குஜராத்துல கட்ச் பாலைவனம்னு சொல்றாங்க" என்றார். தண்ணீரில் நிற்கிற பறவைக்குப் பாலைவனத்தில் என்ன வேலை? கேள்வி விடவில்லை; தேடிப் படித்தேன்.

கட்ச்சின் பெரிய ரான் ஓர் உப்புப் பாலைவனம். கோடையில் வெடித்த சேறும் உப்புப் பாளமும்தான். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் மழைநீர், லூனி ஆற்று வெள்ளம், கடல்நீர் எல்லாம் சேர்ந்து ஆழமில்லாத ஏரியாகிவிடும். காய்ந்த சேற்றில் உறங்கிக் கிடந்த உப்பு இறால் முட்டைகள் பொரிக்கும், பாசி வளரும். சாப்பாடு ரெடி!

ஆனால் மழை பெய்த உடனே பூநாரை அவசரப்படாது. வெள்ளம் வடிந்து ஆழம் குறையட்டும் என்று காத்திருக்கும். நீர் அதிகமென்றால் மண்மேடு எழும்பாது, கரைந்துவிடும். நீரே இல்லையென்றால் நரியும் நாயும் நடந்தே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மட்டம் இருக்கிறது பாருங்கள், அதை டம்பி லெவல் இல்லாமலே பிடித்துவிடுகிறது! பிறகு அலகால் சேற்றை வாரி ஒரு சின்ன மேடு எழுப்பி, உச்சியில் குழித்து, பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். அந்த உயரம் முட்டையை நனையாமல் காப்பதோடு தரைச் சூட்டிலிருந்தும் காக்கிறது.

1945-ல் அங்கே போன பறவையியலாளர் சாலிம் அலி, ஏறக்குறைய 5 லட்சம் பூநாரைகள் என்று மதிப்பிட்டார். மழை பொய்த்த வருடங்களிலோ கூடே கட்டுவதில்லை. நம் கான்ட்ராக்டர்கள் கவனிக்கட்டும்!

காரணம், காலக்கெடு. அடைகாக்க ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் சுமார் இரண்டரை மாதம். அதுவரை நீர் நிற்க வேண்டும். முன்பே வற்றினால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் இரையின்றி உப்புத்தரையில் மாட்டிக்கொள்ளும்.

அன்று கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து இருந்தன. வேறு இனம் என்று நினைத்தேன். இளம் பூநாரைகளாம். அவை பொரித்த இடத்தில் தண்ணீர் கெடு முடியும் வரை நின்றிருக்கிறது.