கண் காட்டும், உதடு சொடுக்கும்

போடியில் ஏலக்காய் ஏலம் இப்போது கணினியில் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் கூடத்தில் வியாபாரிகள் திரை முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டு இரண்டு கையும் அசையாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்? கண், கழுத்து, உதடு மூன்றும் சேர்ந்தால் அவரும் கேட்கலாம்.

முதலில் கண். திரைக்கு அடியில் ஒட்டும் சிறு பட்டை ஒன்று உண்டு. பார்வை எங்கே விழுகிறது என்று சொல்லும் கருவி, விழித்தடங்காட்டி எனலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது முகத்தில் வீசும். விழியின் வளைவில் அந்த ஒளி ஒரு புள்ளியாக மின்னும். விழி திரும்பினால் பாப்பா நகரும். மின்னும் புள்ளி அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் நடுவே உள்ள துளி இடைவெளியை நொடிக்குப் பல பத்து தடவை அளந்தே பார்வையின் திசையைக் கண்டுபிடிக்கிறது!

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் கூர்ந்து பார்க்கும் பரப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் இரண்டடி தூரத்துத் திரையில் கருவி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை தவறும். நம் ஊர்க் கணக்கில், 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் பருத்த ஏலக்காய் ஒன்றின் அகலம். திரையில் பல பொத்தான்கள் அதைவிடச் சிறியவை.

மிச்ச தூரம் கழுத்தின் பொறுப்பு. கண் இமைப்பொழுதுக்குள் திரையின் மறு ஓரத்துக்குத் தாவும். தலை மெதுவாக, ஆனால் நிதானமாகத் திரும்பும். கண் தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட, தலை வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கிறது. 1999-ல் ஐ.பி.எம். ஆய்வாளர் ஷூமின் சாயும் கூட்டாளிகளும் கண்ணுக்கும் கைக்கும் இப்படி வேலையைப் பிரித்துக் காட்டினார்கள். இங்கே கையின் இடத்தில் தலை.

பார்த்ததையெல்லாம் கணினி சொடுக்கிவிட்டால் என்ன ஆகும்? தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்கப் புராண அரசன் பேரால் இதை மைதாஸ் தொல்லை என்பார்கள். அதற்குத்தான் உதடு. மூடிய உதட்டைப் 'பொப்' என்று திறந்தால் சொடுக்கு. ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இது முடிந்துவிடும்.

கண்ணும் உதடும் ஒத்துப்போனால்தான் சொடுக்கு. போடிக்குப் பக்கத்தில் பொட்டிபுரத்து மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் இதுவே சூட்சுமம். இரும்புத் தகடுகளுக்கு நடுவே அடுக்கடுக்காக உணர்கருவிகள்; ஓர் அடுக்கு மட்டும் துடித்தால் அது சலசலப்பு, அடுத்தடுத்த அடுக்குகள் ஒரே கணத்தில் துடித்தால்தான் துகள். உடன்நிகழ்வு என்று இதற்குப் பெயர். பார்வை பொத்தான்மேல் நிற்கும்போது வந்த 'பொப்'பை மட்டும் ஏற்கும்படி கணினியையும் பழக்கலாம். கண் நூற்றில் ஒரு தடவையும் சத்தம் நூற்றில் ஒரு தடவையும் தனித்தனியே பொய் சொல்வதாக வைத்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து பொய் சொல்வது பத்தாயிரத்தில் ஒரு தடவை.

உதடும் ஒத்துழைக்காதவருக்கு வேறு வழி உண்டு. ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கன்னத் தசையின் ஒரு துடிப்பே சொடுக்கு. கண்ணாடியில் பொருத்திய உணர்கருவி அதைப் பிடித்தது.

காலையில் தெம்பாக இருக்கும் கழுத்து சாயங்காலம் ஓய்ந்துவிடும். அப்போது பொத்தான்களைப் பெரிதாக்கிவிட்டுத் தலையின் பங்கையும் கண்ணிடமே கொடுத்துவிடலாம். உதடு மட்டும் தன் வேலையைத் தொடரும்.